மீஞ்சூர் மண்ணில் இரண்டு கோடுகள்

மீஞ்சூர்ப் பக்கம் நிலம் வாங்க வருகிறவர் பட்டா பார்ப்பார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், வழிகாட்டி மதிப்பை விசாரிப்பார். ஆனால் அந்த நிலத்தின் தலையெழுத்தை எழுதும் இரண்டு கோடுகள் இந்தக் காகிதங்களில் தெரியாது. ஒன்றைக் கடல் போட்டது, மற்றொன்றை வருமான வரிச் சட்டம் போட்டது.

கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்நீரின் கனம் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்குதான் அதிகம். அதனால் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது உப்பை அண்டவிடாது. அந்த ஒரு மீட்டரை இறைத்துவிட்டால் உப்பு அதே 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். என்னை இன்றும் வியக்க வைக்கும் கணக்கு இது. மணலி ஆலைகளுக்காக மீஞ்சூர்க் கிணறுகளில் இறைத்தார்கள். 1969-லேயே கடல்நீர் நிலத்தடியில் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. பிறகு பத்தையும் தாண்டியது. 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையே வந்துவிட்டது.

இனி, சட்டத்தின் கோடு. கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. எது கிராமப்புறம்? மக்கள்தொகை பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை உள்ள ஊரென்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால், பத்து லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8. சாலைத் தூரம் செல்லாது, நேர்கோட்டில்தான் அளக்க வேண்டும். மீஞ்சூர்ப் பேரூராட்சிக்கு 2 கிலோமீட்டர்தான். ஆனால் எண்ணூரில் முடியும் சென்னை மாநகராட்சியின் 8 கிலோமீட்டர் மீஞ்சூரையும் தொட்டுவிடுகிறது. பழவேற்காட்டு ஏரிக்கரை இரண்டுக்கும் வெளியே. உள்ளே இருக்கும் நிலத்தை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்தில் 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியிருந்தால், விலைவாசி உயர்வைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் கட்டும் வழியையும் தனிநபர் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டு கோடுகளும் ஒரே வயலில் சந்திக்கும்போதுதான் சிக்கல். வரம்புக்கு வெளியே இருந்தால் மட்டும் போதாது, அது உண்மையிலேயே விவசாய நிலமாகவும் இருக்க வேண்டும். போர்த் தண்ணீர் கரிக்கத் தொடங்கினால் நெல் கருகும், நிலம் தரிசாகும், அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டிலும் தரிசு என்றே ஏறும். பிறகு மனை போடுகிறவர் விலை பேச வருவார். 1993-ல் உச்ச நீதிமன்றம் இப்படியொரு வழக்கைப் பார்த்தது. வருவாய்ப் பதிவேட்டில் விவசாய நிலம், நிலவரியும் கட்டியாயிற்று. ஆனால் நான்கு ஆண்டுகளாகப் பயிர் இல்லை, வாங்கியதோ வீட்டுவசதிச் சங்கம். அது விவசாய நிலம் அல்ல என்றே தீர்ப்பானது. உப்பு பயிரை மட்டும் கொண்டுபோவதில்லை, வரி விலக்கையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

வாங்குகிறவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் மே மாதத்துப் போர்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மழை முடிந்த ஜனவரியில் எடுத்தால் உப்பைக் குறைத்துக் காட்டும். விவசாயிகள், பயிர் வைத்த ஒவ்வோர் ஆண்டும் அடங்கல் நகலை வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள்.