ஆபீஸ் டிக்கெட்டில் ஓர் இலையுதிர் காலம்... கிளம்பும் முன் கேட்க வேண்டிய 3 அனுமதிகள்!

ஐப்பசி பிறந்தால் காரைக்குடியில் நாம் குடையைத் தேடுவோம். அதே நாட்களில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறி நிற்கும்.

உலகின் பெரிய கண்காட்சிகளும் மாநாடுகளும் பல இந்த மாதங்களில்தான் நடக்கின்றன. சீனாவின் குவாங்சோவில் நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சியின் இலையுதிர் காலச் சுற்று அக்டோபர் 15-ல் தொடங்கும். ஃபிராங்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியும் அக்டோபரில்தான். காரைக்குடி 'சிக்ரி' விஞ்ஞானிகளின் துறையான மின்வேதியியலுக்கென்று அமெரிக்காவில் இருக்கும் சங்கம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடுகிறது. அதில் ஒன்று இலையுதிர் காலத்தில்.

"வேலையாத்தானே போறோம்... அப்படியே ரெண்டு நாள் சுத்திப் பார்த்துட்டு வந்தா என்ன?" என்று தோன்றுவது இயல்பு. தாராளமாகச் செய்யலாம். ஆனால், அந்த இரண்டு நாளுக்கு மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டும். விசா தரும் நாடு, சம்பளம் தரும் அலுவலகம், நமக்காகக் காத்திருக்கும் வீடு. இதில் ஒருவரிடம் மறைத்தாலும் பார்த்த அழகு மனதில் ஒட்டாது.

நம்ம ஊருக்கு இது புதிதல்ல!

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் தொழில் செய்யப் போனவர்கள் செட்டிநாட்டு நகரத்தார். மூன்று ஆண்டு கெடு வைத்துக் கடல் கடந்தவர்கள் பலர். பர்மா தேக்கும் இத்தாலி பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் நம்ம ஊர் வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான்.

பொருளுக்குப் பதிலாகக் காட்சிகளைக் கொண்டுவந்தவர் ஒருவரும் உண்டு. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் 1911-ல் பிறந்த ஏ.கே.செட்டியார். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர். பிறகு டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937, அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அன்று காந்தியின் பிறந்தநாள். காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் அந்த இலையுதிர் காலக் கடற்பயணத்தில்தான் அவருக்கு வந்தது.

அந்த வேலைக்காக அவர் சுற்றிய தூரம் சுமார் 1 லட்சம் மைல். பல நாடுகளில், ஏறக்குறைய 100 ஒளிப்பதிவாளர்கள், 30 ஆண்டுகளில் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். மொத்தம் 50,000 அடி. அதைத் தொகுத்து எடுத்த படம் 1940-ல் வெளியானது.

வேலைதான் அவரை வெளிநாட்டுக்கு அழைத்துப் போனது. ஆனால், போன ஊர்களில் கண்ணை மூடிக்கொண்டு அவர் திரும்பவில்லை. பார்த்ததையெல்லாம் எளிய தமிழில் எழுதினார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவர் புத்தகத்தின் பெயர், அவருக்கே பட்டப்பெயராகிவிட்டது. இன்று வேலையையும் ஊர் பார்ப்பதையும் சேர்ப்பதற்கு 'பிளெஷர்' என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். கோட்டையூர்க்காரர் அதைப் பெயர் இல்லாமலே செய்துவிட்டார்.

முதல் அனுமதி: விசா

பலரும் சறுக்குவது இங்கேதான். ஜப்பானின் இ-விசா சுற்றுலாவுக்கு மட்டுமே. 'சீக்கிரம் கிடைக்குதே' என்று அதை வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் சந்திப்புக்குப் போகக் கூடாது. அலுவல் விசாவுக்கு விண்ணப்பித்து, பயணத் திட்டத்தில் கூட்டம் நடக்கும் நாட்களையும் சுற்றிப் பார்க்கும் நாட்களையும் தேதிவாரியாக எழுதுங்கள்.

ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கும் அதே முறைதான். கண்காட்சி முடிந்து மூன்று நாள் தங்குவதாக இருந்தால், விண்ணப்பிக்கும்போதே அந்த மூன்று நாளையும் சேர்த்துக் கேளுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, தங்கும் எல்லா நாட்களுக்கும் இருக்க வேண்டும். பிரிட்டனின் சாதாரண விசிட்டர் விசா அலுவல், சுற்றுலா இரண்டுக்கும் பொருந்தும். அமெரிக்காவுக்கு நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பி-1, பி-2 இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் அன்று தூதரக இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

விமான நிலையத்தில் "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டால், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். பேச்சும் தாளும் ஒத்துப்போனால் பயமே இல்லை.

இரண்டாவது அனுமதி: ஆபீஸ்

டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள். போட்டபின் தேதி மாற்றினால் செலவு, மனஸ்தாபம் இரண்டும் வரும். மேலாளரிடம் வாயால் கேட்டது போதாது. மெயிலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

* கூடுதல் நாட்களுக்கு முறையாக விடுப்பு எழுதுங்கள். சனி, ஞாயிறு ஒட்டி வந்தால் விடுப்பு மிச்சம்.
* திரும்பும் தேதி மாறுவதால் டிக்கெட் விலை கூடினால், அந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்து.
* வேலை முடிந்த இரவோடு அலுவலக ஹோட்டல் கணக்கை முடித்து, அடுத்த நாளிலிருந்து தனி பில் போடச் சொல்லுங்கள்.
* அலுவலகம் எடுத்த காப்பீடு அலுவல் நாட்களோடு முடிந்துவிடலாம். மிச்ச நாட்களுக்குச் சொந்தமாக எடுங்கள்.
* அலுவலக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலையேறாதீர்கள். ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவையுங்கள்.

சுற்றிப் பார்க்கும் நாட்களை வேலைக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? பின்னால் வைப்பதே நல்லது. விமானம் தாமதமானாலும் மழை வந்தாலும் வேலை கெடாது. முடிக்க வேண்டியதை முடித்தபின் மனமும் லேசாக இருக்கும்.

மூன்றாவது அனுமதி: வீடு

இதைத்தான் பலரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இதை. காரணம், வெளிநாட்டில் இலை சிவக்கும் மாதம்தான் நமக்குத் தீபாவளி மாதம். 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. வேலைக்காகத் தீபாவளியைத் தவறவிட்டால் வீடு பொறுத்துக்கொள்ளும். மலை பார்ப்பதற்காகத் தவறவிட்டால்?

மூன்று ஆண்டு கெடுவில் ஆண்கள் கப்பலேறியபோது, இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொண்டவர்கள் நம் ஆச்சிமார். இன்று வெளிநாட்டு வேலைக்குப் பெண்களும் போகிறார்கள். அப்போது கணவரோ அம்மாவோ மாமியாரோ வீட்டைச் சுமக்கிறார்கள். நீங்கள் கூட்டும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு ஒரு நாள் கூடுதல் வேலை. பள்ளிக்கூடத் தேர்வு இருக்கிறதா, அப்பாவுக்கு மருத்துவரைப் பார்க்கும் நாள் வருகிறதா என்று ஒன்றாக உட்கார்ந்து காலண்டரைப் பாருங்கள். குடும்பத்தையே அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவர்கள் விசா, டிக்கெட், அறை எல்லாமே உங்கள் செலவு என்பதை அலுவலகத்திடம் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கே, எப்போது?

நம்ம ஊரில் வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில், தண்ணீர்ச் சிக்கனத்துக்காக. குளிர்நாடுகளில் கணக்கு வேறு. பகல் குறுகி, இரவு குளிர்ந்ததும் இலையின் பச்சையம் சிதைகிறது. உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. வெயிலான பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் சில மரங்களில் சிவப்பும் உருவாகிறது. அதனால் வடக்கிலும் மலை உச்சியிலும் முதலில் நிறம் மாறும். தெற்கிலும் சமவெளியிலும் பிறகு மாறும். இந்த ஒரு விதி தெரிந்தால் எந்தத் தேதிக்கும் ஓர் இடம் பிடித்துவிடலாம்.

ஜப்பான்: டோக்கியோவில் வேலையா? அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நிக்கோ மலை. அசகுசா நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரம். நவம்பர் கடைசி என்றால் டோக்கியோவிலேயே கிங்கோ மரங்கள் பொன்னிறமாக நிற்கும். கியோட்டோவும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். 7 நாள் ஜே.ஆர். ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. இரண்டு நாள் சுற்ற அது தேவையில்லை.

அமெரிக்கா: பாஸ்டனில் வேலை என்றால் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரை வடக்கே வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மலைகள். நியூயார்க்கில் வேலை என்றால் நவம்பர் தொடக்கத்தில் சென்ட்ரல் பார்க். டிக்கெட்டே வேண்டாம்.

ஜெர்மனி: ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஹைடெல்பெர்க். ஆறு, கோட்டை, சுற்றிலும் மரம் அடர்ந்த குன்றுகள். அக்டோபர் பின்பாதி நல்ல நேரம்.

சீனா: கான்டன் கண்காட்சிக்குப் போகிறவர்கள் குவாங்சோவில் சிவந்த இலையைத் தேட வேண்டாம். அக்டோபரில் அங்கே நம்ம ஊர் போல வெக்கைதான். அக்டோபர் கடைசியில் பெய்ஜிங் வரை போக முடிந்தால் பார்க்கலாம்.

பெட்டி கட்டும்போது...

ஒரு கனத்த கோட்டைவிட, ஒன்றின்மேல் ஒன்றாகப் போடும் மூன்று மெல்லிய உடைகள் உதவும். பகலில் கழற்றலாம், மாலையில் போட்டுக்கொள்ளலாம். நவம்பர் கடைசியில் டோக்கியோவில் மாலை 4.30-க்கே சூரியன் மறைந்துவிடும். எனவே காலையிலேயே கிளம்புங்கள். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்று திரும்புகிறவர்கள் விமான நேரத்தை இரண்டு முறை பாருங்கள்.

பருப்புப்பொடி, இட்லிப்பொடி எடுத்துப் போகலாம். அம்மா ஆசையாகக் கட்டித் தரும் உப்புக்கண்டம் மட்டும் வேண்டாம். ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா மூன்றிலுமே வெளியிலிருந்து இறைச்சி கொண்டுபோக அனுமதி இல்லை. ஐரோப்பாவுக்கு நெய்யும் கூடாது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் உண்டு. கிழக்கே போகிறவர்கள் சென்னை வரை அலையாமலே அங்கே மாறிக்கொள்ளலாம்.

போய் வந்ததும் படங்களை ஸ்டேட்டஸில் போட்டு முடித்துவிடாதீர்கள். ஏ.கே.செட்டியார் போலப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. அந்த இரண்டு நாளும் உங்களுக்குக் கிடைக்க, இங்கே கூடுதலாக வேலை பார்த்தவர்களோடு ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, பார்த்ததை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அடுத்த பயணத்துக்கு அனுமதி கேட்பது சுலபமாகிவிடும்!