கோவளத்து அலைக்கு ஏற்ற பலகை

சென்னையின் கோட்டூர்புரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே உள்ள கோவளம், தமிழகத்தில் சர்ஃபிங் எனப்படும் அலைச்சறுக்கு வேரூன்றிய ஊர்களுள் ஒன்று; அவ்வூர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் உள்ளூர்ச் சிறுவர்களும் சென்னைவாசிகளும் அலையேறப் பழகியுள்ளனர். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்; ஆனால் அத்தகைய போட்டியாளர்கள் ஏறி நிற்கும் குட்டையான, மெல்லிய பலகையைப் பார்த்துவிட்டுப் புதியவர் ஒருவர் அதையே வாங்குவாரானால், அலை அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

சென்னையை ஒட்டிய கடலில் ஆண்டின் பெரும்பகுதியில் எழும் அலைகள் இடுப்பளவே உயர்ந்து, வேகமும் குறைந்தவையாக இருப்பதால், அவை உடையுமுன்பே பிடித்துக்கொள்ளும் லாங்போர்டே, அதாவது 9 அடியோ அதற்கு மேலோ நீளமுள்ள பலகையே, இக்கரைக்குப் பொருந்தும். எனினும் நீளத்தை மட்டும் பார்த்து வாங்குவது போதாது. முதலில் பார்க்க வேண்டியது லிட்டரில் குறிக்கப்படும் கனஅளவு. ஒரு லிட்டர் கடல்நீர் ஒரு கிலோவைவிடச் சற்றே கூடுதல் எடையுடையது என்பதால், பலகை எத்தனை லிட்டரோ ஏறக்குறைய அத்தனை கிலோவை, தன் எடையும் சேர்த்து, மிதக்கவைக்கும். 70 கிலோ எடையுள்ள புதியவருக்கு 70 லிட்டருக்குக் குறையாத பலகை வேண்டும்; 9 அடி நீளமும் இருபத்திரண்டரை அங்குல அகலமும் 3 அங்குலத் தடிமனும் கொண்ட பலகை பெரும்பாலும் இந்த அளவைத் தொட்டுவிடும்.

அடுத்தது, ராக்கர் எனப்படும் அடிப்புற வளைவு. பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் மூக்கும் வாலும் எவ்வளவு மேலெழுகின்றன என்பது தெரியும். வளைவு மிகுந்தால் செங்குத்தான அலையில் மூக்கு நீருக்குள் குத்தாது, ஆனால் மெதுவான அலையில் பலகை நீரைத் தள்ளிக்கொண்டே பின்தங்கும். எனவே கோவளத்துச் சிறிய அலைகளுக்குத் தட்டையான அடிப்புறமே நல்லது. வாலடியில் பொருத்தப்படும் ஃபின் என்னும் துடுப்பு பலகை பக்கவாட்டில் வழுக்காமல் காக்கிறது. 1935-இல் அமெரிக்கரான டாம் பிளேக் இதைப் புகுத்தும்வரை மரப்பலகைகளைக் காலை நீரில் இழுத்தே திருப்பினர். ஒற்றைப் பெருந்துடுப்பு நேரான, நிதானமான ஓட்டத்தைத் தரும். இருபுறமும் சிறு துடுப்புகளைக் கூட்டிக்கொண்டால் திருப்புவது எளிதாகும்.

முதல் பலகை, மேற்புறம் மென்மையான நுரைப்பலகையாக இருப்பதே முறை. கண்ணாடியிழையும் பிசினும் பூசிய கடினப் பலகை அழகாகச் சறுக்கும் என்பது உண்மையே. ஆனால் கூட்டம் மிகுந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கைதவறிய 9 அடிப் பலகை அருகில் நிற்கும் குழந்தையின் தலையில் மோதக்கூடும் என்பதை வாங்குபவர் மறக்கலாகாது. காலில் கட்டும் லீஷ் கயிறும் ஏறக்குறைய பலகையின் நீளம் இருக்க வேண்டும்.

அடுக்ககவாசிகள் வாங்குமுன் வீட்டையும் அளந்துகொள்வது நல்லது. 9 அடிப் பலகை, அதாவது 2.74 மீட்டர், 10 அடி உயரக் கூடத்தின் மூலையில் நிற்கும், ஆனால் மின்தூக்கியில் நுழையாது. படிக்கட்டின் திருப்பங்களில் மூக்கைத் தூக்கித் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளோ மொட்டை மாடியிலோ விட்டுவைத்தால், வெப்பத்தில் உட்காற்று விரிந்து மேலுறை நுரையிலிருந்து பிரிந்து குமிழ்விடும்; அப்படிப் பிரிந்த பலகையில் நீர் புகுந்தால் மிதவையும் குறைந்துபோகும். ஆகவே பழைய பலகை வாங்குவோர் மேற்புறம் முழுவதையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அமுங்கும் இடம் இருந்தால் தவிர்த்துவிட வேண்டும்.