கொல்லையில் ஒரு பலகை மேடை
அடியில் இருப்பதுதான் ஆயுள்!

மாலை நேரம். கொல்லையில் வேப்ப மர நிழல். அங்கே ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகை மேடை இருந்தால்? பாட்டி காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம். பிள்ளைகள் பாடம் படிக்கலாம்.

பலகையை எல்லோரும் பார்ப்பார்கள். அதன் அடியில் இருக்கும் சட்டங்களை யார் பார்க்கிறார்கள்? மேடை நிற்பதும் விழுவதும் அவற்றால்தான்.

புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டத்தில் இருக்கிறது அரிமளம். நகரத்தார் வீடுகள் உள்ள ஊர். 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. அந்த வியாபாரம் நொடித்தது. தேக்குத் தூண்கள் மட்டும் இன்னும் அசையாமல் நிற்கின்றன.

காரணம் தேக்கு மட்டுமா? இல்லை. அந்தத் தூண்களின் காலைப் பாருங்கள். மரம் மண்ணைத் தொடவில்லை. கல்லின் மேல் நிற்கிறது!

இப்போது சில பழைய வீடுகள் இடிக்கப்படுகின்றன. அந்த மரங்கள் காரைக்குடியில் விலைக்குக் கிடைக்கின்றன. அப்படி வாங்கிய நூறு வருஷத்து உத்தரத்தை மண்ணில் குழி வெட்டி நட்டால் என்ன ஆகும்? ஈரமும் கறையானும் சில வருஷங்களில் அதைத் தின்றுவிடும். காசும் போகும், மரமும் போகும்.

மலிவு என்று பச்சைத் தைல மரத்தை வாங்குவோரும் உண்டு. அது காயும்போது முறுக்கும், வெடிக்கும். நன்றாகக் காய்ந்த மரமே வேண்டும்.

எத்தனை கல்?

12 அடி நீளம், 8 அடி அகலம் உள்ள மேடை என்று வைத்துக்கொள்வோம். நீளவாட்டில் மூன்று உத்தரங்கள்: இரண்டு ஓரங்களில் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. ஒவ்வொரு உத்தரத்துக்கும் 4 அடிக்கு ஒரு குத்துக்கல். ஆக 12 கற்கள்.

உத்தரங்களுக்குக் குறுக்கே சட்டங்கள். ஓர் அங்குலப் பலகைக்கு 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம் போதும். 12 அடிக்கு ஒன்பது இடைவெளி வரும்; சட்டம் பத்து. ஒன்பது என்று வாங்கிவிட்டு மறுபடி கடைக்கு ஓட வேண்டாம்!

பெரும்பாலோர் மூலையில் பெரிய கல்லை வைத்து, நடுவில் ஏதோ ஒரு துண்டுக் கல்லைச் செருகுவார்கள். இது தவறு. மூலைக் கல் தாங்குவது 4 சதுர அடிப் பரப்பை. நடு உத்தரத்தின் உட்புறக் கல் தாங்குவதோ 16 சதுர அடி! வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம். அதன்படி அந்த ஒரு கல்லின் மேல் 300 கிலோ. அழகு மூலையில், பாரம் நடுவில்.

நிமிர்த்தி வையுங்கள்

4 அங்குலத்துக்கு 2 அங்குலம் உள்ள சட்டத்தைப் படுக்க வைத்தால் வளையும். அதே சட்டத்தை நிமிர்த்தி வைத்தால் நாலு மடங்கு விறைப்பு! ஒரு காசு கூடச் செலவில்லை. தாங்கும் தூரத்தை இரட்டித்தால் என்ன ஆகும் தெரியுமா? நடுவில் ஒருவர் நின்றாலே எட்டு மடங்கு இறங்கும். கல்லைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குழி தோண்டுமுன் கயிறு கட்டுங்கள். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறு பக்கம் 8 அடி அளந்து குறியிடுங்கள். குறிகளுக்கு நடுவே சரியாக 10 அடி இருந்தால் மூலை சதுரம். பிறகு தண்ணீர்க் குழாயால் மட்டம் பாருங்கள். கொல்லை எங்கே மேடோ, அங்கிருந்து தொடங்குங்கள். பள்ளத்தில் கல் உயரட்டும்.

கல் மண்ணுக்கு மேல் 9 அங்குலமாவது தெரிய வேண்டும். உத்தரம் 5, சட்டம் 4, பலகை 1. எல்லாம் சேர்ந்து 19 அங்குலம். உட்கார ஏற்ற உயரம்தான்.

கல்லுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் ஓரம் வளைத்த தகரத் தகடு வையுங்கள். கறையான் அதைச் சுற்றிக்கொண்டுதான் ஏற முடியும்; அதன் மண் கூடு கண்ணில் பட்டுவிடும். மேடையை வீட்டுச் சுவரோடு ஒட்டாதீர்கள். கை நுழையும் இடம் இருக்கட்டும்.

பலகைகளுக்கு நடுவே எட்டில் ஒரு அங்குலம் விடுங்கள். மழைத் தண்ணீர் வடிந்துவிடும். ஒரே ஒரு பலகையை மட்டும் ஆணி அடிக்காமல் திருகு போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் அதைக் கழற்றி, விளக்கைப் பிடித்து உள்ளே பார்க்கலாம்.