கப்பல்ல கரண்ட் போனா பேட்டரி காப்பாத்துமா?

2024 மார்ச் 26, அதிகாலை சுமார் 1.25 மணி. அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்து கொழும்புக்குக் கிளம்பிய ‘டாலி’ சரக்குக் கப்பலில் திடீரென கரண்ட் கட்! சுமார் 4 நிமிடங்களில் அது பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோத, பாலமே சரிந்தது. அங்கு சாலைப் பணியில் இருந்த 6 பேர் உயிரிழந்தனர். முதல் மின்தடைக்குக் காரணம், சரியாகப் பொருத்தப்படாத ஒரு வயர் என்கிறது அமெரிக்க விசாரணை அறிக்கை.

‘அவ்வளவு பெரிய கப்பல்ல பேக்கப் இல்லையா?’ என்ற கேள்வி வரும். இருக்கு. ஆனால், அது எதற்கானது என்பதுதான் விஷயம்.

விதி என்ன சொல்கிறது?

‘சோலாஸ்’ என்ற சர்வதேச கடல் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, சரக்குக் கப்பல்களில் அவசர மின்சாரத்துக்குத் தனி ஏற்பாடு கட்டாயம். எஞ்சின் ரூமில் தீயோ வெள்ளமோ வந்தாலும் பாதிக்காதபடி, அது மேல்தளத்துக்கு மேலே இருக்கணும்.

* ஜெனரேட்டர் என்றால், தானாக ஸ்டார்ட் ஆகி 45 விநாடிக்குள் கரண்ட் தரணும். முடியாவிட்டால், இடைவெளியைச் சமாளிக்க அரை மணி நேரம் தாங்கும் பேட்டரி வேண்டும்.

* பேட்டரி மட்டும்தான் என்றால், கரண்ட் போனதுமே தானாக இணைந்து, ரீசார்ஜ் இல்லாமல் முழு நேரமும் தாங்கணும். வோல்டேஜ் 12 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது.

எதெல்லாம் இயங்கும்?

அவசர விளக்குகள், வழிகாட்டும் விளக்குகள், தீ எச்சரிக்கை கருவி ஆகியவை 18 மணி நேரம். உயிர்காப்புப் படகில் ஏறும் இடத்துக்கான வெளிச்சம் 3 மணி நேரம். பெரிய கப்பல்களில் சுக்கானுக்கு அரை மணி நேரம். அவசர ரேடியோவுக்குத் தனி பேட்டரி உண்டு.

டாலியிலும் கரண்ட் போனதும் பயணப் பதிவுக் கருவியில் மற்ற தரவுகள் நின்றன. ஆடியோ மட்டும் மாற்று மின்சாரத்தில் தொடர்ந்து பதிவானது.

அப்போ எஞ்சின்?

இந்தப் பட்டியலில் அது இல்லை! பம்புகள் நின்றதால் டாலியின் பிரதான எஞ்சினும் தானாக நின்றது. நடுக்கடலில் இது சமாளிக்கக்கூடியது. குறுகிய கால்வாயில் அப்படியில்லை. 8 நாட் வேகத்தில் வரும் கப்பல், அந்த 45 விநாடியிலேயே 180 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும்.

அவசர மின்சாரம் கப்பலை ஓட்டுவதற்கு அல்ல. மாலுமிகள் பார்க்க, பேச, தப்பிக்க. அன்று கப்பலின் பைலட் கொடுத்த எச்சரிக்கையால்தான் போலீஸார் பாலத்தில் வாகனங்களைத் தடுத்தனர். இல்லையென்றால் உயிரிழப்பு இன்னும் கூடியிருக்கும்.