பொன் விளைந்த ஊரில் பொன்னாடை

ஒரு மனிதரைக் கௌரவிக்க வேண்டுமென்று நம்மவர்க்குத் தோன்றிவிட்டால், மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, வாழ்த்துரை பத்துப் பேர் வழங்கி, பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுத்து, கழுத்திலிட்ட மாலை வாடுவதற்குள் அவரை மறந்து வீடு திரும்புவது, தமிழர் வாழும் இடமெங்கும் வழிவழியாக வந்த சம்பிரதாயம். பொன்னாடை என்று பெயரே ஒழிய, அந்த ஜரிகைச் சால்வையில் குன்றிமணி அளவு பொன்னும் கிடையாது. வேறு ஊர்களில் இது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால் ஏறக்குறைய 120 ஆண்டுக் காலம் பூமியைக் குடைந்து 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கத்தை வெளியே அனுப்பிவிட்டு வெறுங்கையோடு நிற்கும் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை மேடையொன்றில் அந்தச் சால்வை விரிவதைக் காண்பவனுக்கு, யாருக்கு எது கிடைத்தது என்ற விசாரம் தானாகவே எழும்.

பார்க்கப்போனால் ராபர்ட்சன்பேட்டை என்ற பெயரே ஒரு பாராட்டுப் பத்திரந்தான். மைசூர் சமஸ்தானத்தில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த சர் டொனால்ட் ராபர்ட்சனின் ஞாபகார்த்தமாக இடப்பட்ட பெயர் அது. தங்கவயலுக்கு ரயில் கிளை பிரியும் சந்திப்பும் கமிஷனர் பௌரிங்கின் பெயரால் பௌரிங்பேட்டையாகவே இருந்து, பிற்பாடுதான் பங்காருப்பேட்டையாயிற்று. துரைகளுக்கு ஊர்ப்பெயர் கிடைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு கிடைத்தது.

அவர்கள் இறங்கிய ஆழம் சாமானியமானதன்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கைவைத்த இச்சுரங்கங்களில் சாம்பியன் ரீஃப் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அடித்தளத்தில் பாறையின் இயல்பான வெப்பமே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தங்கம் கலந்த வெண்கல் படிவத்தை வெட்டி எடுக்க எடுக்க, மேலிருக்கும் மலையளவு பாரம் முழுவதும் எஞ்சி நிற்கும் பாறைத் தூண்களின்மேல் இறங்கி, அவை தாங்கும் வரை தாங்கி, ஒரு கணத்தில் வெடித்துச் சிதறும். இந்தப் பாறை வெடிப்பின் அதிர்ச்சியைப் பூமிக்கு மேலேயும் உணரலாம். அதை அளப்பதற்கென்றே 1912இல் நில அதிர்வுமானி ஒன்று இங்கே நிறுவப்பட்டது. மேலே பாத்திரம் அதிர்ந்தால் எந்த ஷிஃப்டில் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று லைன் வீடுகளில் கணக்குப் பார்க்கும் வாழ்க்கை அது. அத்தகைய வெடிப்பு நேர்ந்த இடத்துக்கு, அடுத்த வெடிப்பு எப்போது நேரும் என்று தெரியாமலே, சிக்கியவரை மீட்க இன்னொருவர் இறங்குவாரானால் அதைத் தைரியம் என்று சொல்ல எந்தக் கமிட்டியின் சிபாரிசும் தேவையில்லை. எனினும் சர்க்காருக்கு ஒரு முறை உண்டு: 1961இல் ஏற்படுத்தப்பட்ட ஜீவன் ரக்ஷா பதக்கம், நீரில் மூழ்குவோரையும் தீயில் சிக்கியோரையும் காப்பதோடு சுரங்க மீட்புப் பணியையும் பெயர் குறித்தே ஏற்றுக்கொள்கிறது.

சுரங்கத்துத் தைரியத்தைப் போற்றுவதில் யாருக்கும் சங்கடமில்லை. அதில் வீரம் இருக்கிறது, ஆழம் இருக்கிறது, தங்கத்தின் ஒளியும் சற்றே இருக்கிறது. சங்கடம் எல்லாம் பூமிக்கு மேலே செய்யப்பட்ட இன்னொரு வேலையில் இருந்தது.

1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்து அருவியிலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் இது; பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்த ஊர். மின்விளக்கும் கிளப்பும் பங்களாவும் கொண்ட இவ்வூரைக் குட்டி இங்கிலாந்து என்று சொல்லிப் பெருமைப்பட்டவர் பலர். அந்தக் குட்டி இங்கிலாந்தின் லைன்களில் இருந்தவையோ எடுப்புக் கக்கூஸ்கள். அவற்றை வாளியும் தகரமும் கொண்டு, பல வேளை வெறுங்கையாலும் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கென்று பிறப்பினாலேயே குறிக்கப்பட்ட ஒரு ஜனக்கூட்டம் இருந்தது. மின்சாரம் வந்து 90 ஆண்டுகள் சென்ற பின்னரும் வாளி போகவில்லை.

அந்தக் கூட்டத்தில், தெலுங்கு பேசும் ஒரு குடும்பத்தில், 1966இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். பள்ளியில் உடன் படித்த பிள்ளைகள் தம்மைத் தோட்டி என்று கேலி செய்தது ஏன் என்று சிறுவன் கேட்டபோது, வீட்டருகே குப்பைத்தொட்டி இருக்கிறதல்லவா, அதனால்தான் என்று பெற்றோர் சமாதானம் சொன்னார்களாம். தோட்டிக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள அந்த ஒரு மாத்திரை வித்தியாசத்தில் தங்கள் ஜீவனத்தைப் பிள்ளையிடமிருந்து ஒளித்துவைக்கப் பார்த்த தாய்தந்தையரின் துக்கத்தை நான் விவரிக்கப் புகவில்லை. படித்து முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனால், அங்கே அவருடைய குலத்தைப் பார்த்துத் துப்புரவு வேலை என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள், குழிக்குள் வாளி தவறி விழ, கையை உள்ளே விட்டு அதை எடுக்க முனைந்த தொழிலாளியைக் கண்டு அவர் கதறி அழுதார். அங்கிருந்த தொழிலாளிகளோ, இது எங்கள் வேலைதானே, இதற்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டார்கள்.

அழுகையோடு அவர் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. அவர் எழுதத் தொடங்கினார். இத்தகைய உலர் கழிப்பறைகளைத் தடை செய்யும் சட்டம் 1993இல் இயற்றப்பட்டபோது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரிகளுக்கு மனுவும், பத்திரிகைகளுக்குப் புகைப்படமுமாக அனுப்பினார். அப்படி ஒரு கழிப்பறையே இங்கில்லை என்று சாதிக்க முடியாதபடி படங்கள் சாட்சி சொன்ன பிறகே, தங்கவயலில் அவற்றை மாற்றும் வேலை நடந்தது. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் முதலியோர் துணைநிற்க, சஃபாய் கர்மசாரி அந்தோலன் என்ற இயக்கம் தேசமெங்கும் பரவியது. கூடைகளைத் தீயிலிட்ட பெண்களும் அதில் இருந்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் 2003இல் அது தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறங்கி மாண்டோர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் அளிக்க வேண்டுமென்ற தீர்ப்பு 2014 மார்ச் 27 அன்று வந்தது.

2016இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது. பிலிப்பைன்ஸ் ஜனாதிபதியாக இருந்து 1957இல் விமான விபத்தில் மாண்ட ராமோன் மகசேசேயின் நினைவாக ஏற்பட்டு, முதல் வருஷமே நம் வினோபா பாவேயைத் தேடி வந்த விருது அது; 1974இல் எம்.எஸ். சுப்புலக்ஷ்மி பெற்றதும் அதுவே. நம் வாசகர்களில் பலருக்கு அந்த 2016ஆம் வருஷத்தில் சங்கீத வித்துவான் டி.எம். கிருஷ்ணாவுக்குக் கிடைத்ததுதான் நினைவிருக்கும். அதில் தவறொன்றுமில்லை, ஆனால் சபாவிலிருந்து மணிலாவுக்குப் போகும் வழியைக் காட்டிலும் லைனிலிருந்து மணிலாவுக்குப் போகும் வழி நெடியது என்பதை மட்டும் குறிப்பிட்டாக வேண்டும்.

சொந்த ஊர் இத்தகையவரை வெளியூரார் போல எளிதில் கொண்டாடிவிட முடிவதில்லை. சுரங்கத்தில் உயிர் காத்தவருக்குச் சால்வை போர்த்தும்போது ஊரின் மார்பு விரிகிறது. வாளியை ஒழித்தவருக்குப் போர்த்துவதானாலோ, இத்தனை காலம் வாளியை வைத்திருந்தது யார் என்ற கேள்வியும் கூடவே மேடையேறுகிறது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலையை நிறுத்திய தொழிலாளர்களையும், 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிக்கு இரையானவர்களையும் பற்றிப் பேசுவது ஒரு காலத்தில் எவ்வளவு சங்கடமாக இருந்திருக்குமோ, அவ்வளவு சங்கடம் இது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இப்போது அதிகாலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் ஏறிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போய், இருட்டிய பின் திரும்புகிறார்கள் பழைய சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரர்களும். பௌரிங்கின் பெயர் போய்விட்டது. ராபர்ட்சனின் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பேட்டையின் குறுக்குத் தெருக்களோ பெரும்பாலும் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்களாலேயே இன்னமும் அழைக்கப்படுகின்றன. பெயர் எழுத இடம் நிறையவே இருக்கிறது.