யூடியூபுக்கு வெளியே காணொளிகள்: சுமையை யார் தாங்குவது?

முப்பரிமாணக் காட்சிகளையும் அனிமேஷன் படங்களையும் உருவாக்க உலகெங்கும் பயன்படும் இலவச மென்பொருள் பிளெண்டர். அதை வளர்த்துவரும் பிளெண்டர் அறக்கட்டளையின் யூடியூப் சேனல் 2018 ஜூன் மாதம் திடீரென்று முடங்கியது. எந்த நாட்டிலிருந்து திறந்தாலும் காணொளி வரவில்லை. விளம்பரமே இல்லாமல் சேனலை நடத்திவந்த அமைப்பு அது. யூடியூப் நீட்டிய புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட அது முன்வரவில்லை. அதே நாட்களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்டுவந்த பாடக் காணொளிகளும் காணாமல் போயின. சில நாட்களில் எல்லாம் திரும்பிவிட்டன. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் இருந்த பிளெண்டர் குழு அதற்குள் சொந்தமாக ஒரு காணொளித் தளத்தைச் சோதிக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மென்பொருள் பியர்டியூப்.

ஃபிரமாசாஃப்ட் என்ற பிரான்ஸ் நாட்டு லாபநோக்கற்ற அமைப்பு வளர்த்த மென்பொருள் இது. 2018-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 53,000 யூரோவுக்கு மேல் சேர்த்து, அந்த ஆண்டு அக்டோபரில் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டார்கள். ஒரு பள்ளியோ சங்கமோ தனிமனிதரோ இதைத் தம் சர்வரில் நிறுவிச் சொந்தத் தளம் நடத்தலாம். ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையால் தளங்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. ஒரு தளத்தில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு தளத்தின் காணொளியைத் தேடலாம், பார்க்கலாம், கருத்தும் இடலாம். மையத்தில் முதலாளி என்று ஒருவர் இல்லை. ஒரே உத்தரவில் எல்லாவற்றையும் மூடவும் முடியாது.

அதிகாரம் இப்படிப் பலர் கைக்குப் போகும்போது, இதுவரை ஒரு பெருநிறுவனம் தாங்கிவந்த செலவும் வேலையும் அவர்கள் தலையிலேயே வந்து இறங்குகின்றன. பரவலாக்கப்பட்ட காணொளியின் எல்லாச் சிக்கல்களும் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு மணி நேரத்தின் கணக்கு

முழு எச்டி எனப்படும் 1080பி தரத்தில், நொடிக்கு 5 மெகாபிட் வீதம் ஓடும் ஒரு மணி நேரக் காணொளி ஏறக்குறைய 2.25 ஜிபி இடத்தைப் பிடிக்கும். இணைப்பு மெதுவாக உள்ளவர்களுக்காக 720பி, 480பி, 360பி வடிவங்களையும் தயாரித்து வைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் 4 ஜிபியைத் தொடும். அமேசானின் மேகச் சேமிப்பில் அமெரிக்கப் பட்டியல் விலை ஜிபிக்கு மாதம் 2.3 சென்ட். அதன்படி இந்த 4 ஜிபியை வைத்திருக்க மாதம் 10 சென்ட்கூட ஆகாது.

அனுப்பும் செலவு வேறு. அதே காணொளியை ஆயிரம் பேர் முழுத் தரத்தில் பார்த்து முடித்தால் சர்வரிலிருந்து 2,250 ஜிபி வெளியேறும். அதே நிறுவனத்தின் பட்டியலில் தரவை வெளியே அனுப்பும் விலை ஜிபிக்கு 9 சென்ட். ஆக, பில் ஏறக்குறைய 200 டாலர். மாத வாடகையிலேயே பல டெராபைட் அனுப்பவிடும் மலிவான சர்வர்கள் உண்டு. அங்கே பணத்துக்குப் பதில் வேகம் தடையாகிறது. நொடிக்கு 1 கிகாபிட் இணைப்புள்ள சர்வர், 5 மெகாபிட் காணொளியை ஒரே நேரத்தில் 200 பேருக்குத்தான் கொடுக்க முடியும். 201-வது ஆள் வந்தால் எல்லோருக்கும் தடங்கல்தான்.

இவற்றோடு தரமாற்ற வேலையும் சேர்கிறது. பதிவேற்றிய ஒரு கோப்பைப் பல வடிவங்களாக மாற்றுவது கணினியைப் பிழிந்தெடுக்கும் வேலை. நிமிடத்துக்கு 500 மணி நேரத்துக்கும் மேலான காணொளி வந்து சேரும் யூடியூப், இதற்கென்றே சொந்தமாக ஒரு சிப் வடிவமைத்து 2021-இல் அறிவித்தது. அதிகம் பார்க்கப்படும் காணொளிகளின் நகல்களை இணையச் சேவை நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே தன் சர்வர்களில் வைத்திருக்கிறது. தொலைவிலிருந்து வருவதுபோல் தோன்றும் காணொளி பெரும்பாலும் பக்கத்து நகரத்திலிருந்தே வருகிறது. பத்துப் பேர் நடத்தும் ஒரு தளத்திடம் சிப்பும் இல்லை, ஊருக்கு ஊர் சர்வரும் இல்லை. தரமாற்றத்தை வேறு கணினிகளிடம் பிரித்துக் கொடுக்கும் வசதி பியர்டியூபில் 2023-இல் வந்த பிறகுதான் சிறிய தளங்கள் கொஞ்சம் மூச்சுவிட்டன.

உண்டவரே பரிமாறும் பந்தி

அனுப்பும் சுமையைக் குறைக்க பியர்டியூப் நம்பியது பழைய டோரண்ட் உத்தியை. 2001-இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட் முறையில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிகிறது. ஒரு துண்டைப் பெற்றவர் உடனே அதை இன்னொருவருக்குக் கொடுக்கத் தொடங்குகிறார். முதல் பந்தியில் உண்டு எழுந்தவர்களே அடுத்த பந்திக்குப் பரிமாறுவதைப் போன்றது இது. கூட்டம் கூடினால் பரிமாறும் கையும் கூடும். இதையே, பிரவுசர்களை நேராக இணைக்கும் வெப்ஆர்டிசி தொழில்நுட்பத்தின் வழியாக பிரவுசருக்குள் கொண்டுவந்ததுதான் பியர்டியூபின் சிறப்பு. 2023 இறுதியில், ஆயிரம் பேர் ஒரே நேரலையைப் பார்ப்பதுபோல் ஃபிரமாசாஃப்ட் சோதித்துப் பார்த்தது. பார்வையாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதால் சாதாரண சர்வரே அதைத் தாங்கியது.

ஆனால் இந்த முறைக்கு மூன்று வரம்புகள் உண்டு. ஒன்று, ஒரே காணொளியை ஒரே நேரத்தில் பலர் பார்த்தால்தான் பகிர ஆள் கிடைக்கும். நேரலைக்கு அது வாய்க்கும். ஐந்தாண்டுக்கு முன் ஏற்றிய ஒரு பாடத்தை நாளுக்கு ஒருவர் பார்த்தால் சர்வரே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். சிறிய தளங்களில் இருப்பவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட காணொளிகளே.

இரண்டு, வரிசை. டோரண்ட் முறை வேகமாக இருந்ததற்கு ஒரு காரணம், கூட்டத்தில் அரிதாக உள்ள துண்டை முதலில் வாங்கிப் பரப்புவது. திரையில் ஓடும் காணொளிக்கு அடுத்த பத்து நொடிக்கான துண்டு இப்போதே வேண்டும். கடைசித் துண்டு கையில் இருந்து பயனில்லை.

மூன்று, அந்தரங்கம். பக்கத்தில் இருப்பவரிடமிருந்து துண்டு வாங்கினால் உங்கள் ஐபி முகவரி அவருக்குத் தெரியும். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதும் தெரியும். நோய், மதம், அரசியல் பற்றிய காணொளிகளில் இது சிறிய விஷயமல்ல. அதனால் இந்தப் பகிர்வை நிறுத்திவைக்கும் தேர்வையும் பியர்டியூப் பயனரிடமே விட்டிருக்கிறது.

இந்தியாவில் இன்னொரு தடையும் உண்டு. இங்கே பெரும்பாலோர் இணையத்துக்கு வருவது அலைபேசி வழியாக. ஐபிவி4 எனப்படும் பழைய வகை இணைய முகவரிகள் போதாததால் இங்குள்ள அலைபேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. அப்படி மறைந்திருக்கும் இரண்டு அலைபேசிகள் நேராகப் பேசிக்கொள்வது பல நேரங்களில் நடக்காது. நடுவில் ஒரு இடைத்தரகு சர்வர் தேவைப்படும். அதற்கும் யாரோ பணம் கட்ட வேண்டும். நாளுக்கு இவ்வளவு ஜிபி என்று அளந்து வாங்கும் ஒருவரிடம், அடுத்தவருக்காக அதில் பாதியைச் செலவழியுங்கள் என்று கேட்பதும் நியாயமல்ல. பேட்டரியும் அவருடையதுதான்.

ஏற்றிவிட்டால் போதுமா?

சர்வரே வேண்டாம், உலகமே சேர்ந்து சேமிக்கட்டும் என்ற கனவும் உண்டு. ஐபிஎஃப்எஸ் அந்த வழியில் பிறந்தது. 2015-இல் வெளிவந்த இந்த முறையில் கோப்பைத் தேடுவது அது இருக்கும் இடத்தைக் கொண்டு அல்ல, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஓர் அடையாளத்தைக் கொண்டு. அந்த அடையாளம் உள்ள கோப்பை உலகில் எந்தக் கணினி வைத்திருந்தாலும் அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். இடையில் ஒரு பிட் மாறினாலும் தெரிந்துவிடும்.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஐபிஎஃப்எஸ்-இல் ஏற்றியது என்றென்றும் இருக்கும் என்று நம்புகிறார்கள். உண்மையில் யாராவது ஒருவர் தன் கணினியில் அதை நிலையாக வைத்திருக்கும்படி குறித்திருந்தால்தான் அது இருக்கும். மற்றவர்கள் பார்த்தபோது தங்கிய நகல்கள் இடம் போதாதபோது துடைத்தெறியப்படும். கடைசி நகலும் போய்விட்டால் அடையாளம் மட்டும் கையில் மிஞ்சும், கோப்பு கிடைக்காது.

இந்தக் குறையைப் பணத்தால் தீர்க்க 2020 அக்டோபரில் ஃபைல்காயின் என்ற சேமிப்பு வலையமைப்பு தொடங்கியது. சேமிப்பவர் பிணைத்தொகை வைக்க வேண்டும். கோப்பு இன்னும் தன்னிடம் இருக்கிறது என்று கணித முறையில் அடிக்கடி நிரூபிக்க வேண்டும். தவறினால் பிணைத்தொகை போகும். நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. காலம் முடிந்தால் யாராவது புதுப்பிக்க வேண்டும். நிரூபணத்துக்காக முத்திரையிட்டு வைத்த தரவை மீட்டெடுக்கவும் நேரம் பிடிக்கும். ஆவணக் காப்பகத்துக்கு இது பொருந்தும். பொத்தானைத் தொட்டதும் ஓட வேண்டிய காணொளிக்குத் தனியாக வேகமான ஒரு நகல் வேண்டும்.

கேட்பாரற்று மூடப்பட்ட தளம்

பியர்டியூப் தளங்கள் இணைந்திருந்தாலும் காணொளிக் கோப்பு பிறந்த சர்வரிலேயே இருக்கிறது. மற்ற தளங்களுக்குப் போவது தலைப்பு, விவரம், முகப்புப் படம் போன்ற தகவல்கள் மட்டுமே. ஒரு தளம் இன்னொன்றின் காணொளிகளை நகலெடுத்து உதவலாம். எவற்றை என்பதை அதன் நிர்வாகி தீர்மானிப்பார்: அதிகம் பார்க்கப்பட்டவை, இப்போது பரவுபவை, புதிதாக வந்தவை. ஒதுக்கிய இடம் நிறைந்தால் பழைய நகல்கள் போய்விடும். நெரிசலைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. யாரும் அதிகம் பார்க்காத, ஆனால் வேறெங்கும் கிடைக்காத பதிவை இது காப்பாற்றாது.

இதன் விளைவை ஐரோப்பா காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வை அலுவலகம் 2022 ஏப்ரலில் 'ஈயூ வீடியோ' என்ற பியர்டியூப் தளத்தைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. ஒன்றியத்தின் அமைப்புகள் அமெரிக்கப் பெருநிறுவனங்களை நம்பாமல் காணொளி வெளியிட ஒரு வழி கிடைத்தது. 2024 மே மாதம் அது மூடப்பட்டது. சர்வரை ஏற்று நடத்த ஒன்றியத்துக்குள் வேறொரு அமைப்பைத் தேடியும் கிடைக்கவில்லை. 27 நாடுகளின் ஒன்றியத்துக்கே பொறுப்பேற்க ஆள் அமையவில்லை என்றால், இரண்டு தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் நடத்தும் தளத்தின் ஆயுள் என்ன?

ஒரு நகலை வைத்திருப்பதில் சட்டப் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. பிறர் ஏற்றிய காணொளி உங்கள் வட்டில் இருந்தால் பதிப்புரிமைப் புகாருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு பெண்ணின் அனுமதியின்றி எடுத்த படம் பல கணினிகளில் பரவிவிட்டால், அழிக்க முடியாமை என்ற அதே பெருமை அவருக்குக் கொடுமையாகிறது. எதைக் காப்பது, எதை நீக்குவது என்று தீர்மானிக்க மனிதர்கள் வேண்டும். அந்த வேலையை எந்த நெறிமுறையும் செய்துவிடாது.

என்ன செய்யலாம்?

இவ்வளவு தடைகள் இருந்தும் இந்த முயற்சி கைவிடத் தக்கதல்ல. பிரான்ஸின் கல்வி அமைச்சகம் ஆசிரியர்களுக்காக பியர்டியூப் தளங்களை நடத்துகிறது. பிளெண்டர் தன் காணொளித் தளத்தை இன்றும் நடத்துகிறது. இவை நிலைத்திருப்பதற்குக் காரணம், பின்னால் நிதியும் பொறுப்பும் உள்ள ஓர் அமைப்பு இருப்பதே. ஆகவே தளம் தொடங்க நினைப்பவர்கள் மென்பொருளைப் பற்றி யோசிப்பதற்கு முன், அடுத்த ஐந்தாண்டுக்கு வாடகை கட்டுவது யார், நடத்துபவர் விலகினால் சாவி யாரிடம் போகும் என்று எழுதிவைக்க வேண்டும்.

விரிவுரைக்கு 480பி போதும். தேவையற்ற தரங்களைத் தயாரிக்காமல் விட்டால் இடமும் அலைவரிசையும் மிச்சமாகும். ஒத்த நோக்கமுள்ள இரண்டு மூன்று அமைப்புகள் ஒன்றின் காணொளிகளை மற்றொன்று முழுமையாக வைத்திருப்பதாக உடன்பட்டுக்கொண்டால், ஒரு தளம் மூடினாலும் பதிவுகள் அழியாது. பியர்டியூபில் 2024 முதல் ஒருவர் தம் கணக்கை மொத்தமாக இறக்கி வேறு தளத்தில் ஏற்றவும் முடிகிறது. அந்த வசதியை, தளம் நன்றாக ஓடும்போதே பயன்படுத்திப் பார்த்துவிட வேண்டும்.

காணொளி எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யூடியூபோ பியர்டியூபோ, எங்கே ஏற்றினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஒரு நகல் உங்கள் வட்டில் இருக்கட்டும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். பார்ப்பவர்களுக்கு ஒன்று: விளம்பரமில்லாமல், உங்களைப் பின்தொடராமல் ஒரு தளம் காணொளி தருகிறது என்றால், அதன் சர்வர் வாடகையை யாரோ தம் கைப்பணத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் யார் என்று கேளுங்கள், உங்களால் இயன்றதைக் கொடுங்கள்.