புதிய ஊரும் பழைய குடிகளும்

நுழையும்முன்

தொழிலுக்காகவும் கல்விக்காகவும் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் பெயர்வது இன்றைய வாழ்வின் இயல்பாகிவிட்டது. வீடு மாறுவதற்கு ஒரு நாள் போதும். ஊரோடு ஒன்றுவதற்கோ பல ஆண்டுகள் ஆகலாம். குடியேறிய ஊரில் வாயில்லா உயிர்களைக் காக்கும் தொண்டு, அவ்வுயிர்களுக்கு மட்டுமன்றித் தொண்டு செய்வோருக்கும் வாழ்வளிக்கிறது. அத்தொண்டின் வரலாற்றையும் முறைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

வளரும் புறநகர்

தாம்பரத்திற்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிப் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என ஊர்கள் தொடர்ச்சியாக அமைந்துள்ளன. சென்னைக் கடற்கரையையும் செங்கல்பட்டையும் இணைக்கும் மின்தொடர்வண்டிப் பாதை இவ்வூர்களின் வழியே செல்கிறது. 2019ஆம் ஆண்டு செங்கல்பட்டு தனி மாவட்டமானது. நந்திவரம்-கூடுவாஞ்சேரி 2021ஆம் ஆண்டில் பேரூராட்சி நிலையிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இவற்றால் தென்மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வருவோருக்கு இப்பகுதி ஏற்ற வாழிடமாயிற்று.

இவ்வூர்கள் முன்பு ஏரிகளும் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் சூழ்ந்த சிற்றூர்கள். அந்நிலங்கள் பல இன்று வீட்டுமனைகளாகவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் மாறியுள்ளன. ஆயினும் முன்பு அங்கே வாழ்ந்த உயிர்கள் ஒரேயடியாக விலகிவிடவில்லை. ஏரிக்கரையில் கொக்கும் நாரையும் இரைதேடுகின்றன. மழைக்காலத்தில் பாம்பு வீட்டு வாயிலுக்கு வருகிறது. காலிமனையில் உடும்பு ஒதுங்குகிறது. தெருநாய் தன் எல்லையைப் பழையபடியே காவல் காக்கிறது. வீட்டின் சாவியைப் பெற்றுப் பால் காய்ச்சிக் குடியேறும் குடும்பம் அத்தெருவிற்குப் புதிது. தெருமுனையில் படுத்திருக்கும் நாயோ அத்தெருவின் பழைய குடி.

இச்சந்திப்பில்தான் சிக்கல் தோன்றுகிறது. ஒரு வீட்டார் நாய்க்குச் சோறிடுகின்றனர். அடுத்த வீட்டார் பள்ளிவிட்டு வரும் குழந்தையை எண்ணி அஞ்சுகின்றனர். முன்னவரின் இரக்கமும் பின்னவரின் அச்சமும் பொருளற்றவை அல்ல. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால், அதன்பின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. எனவே இது அன்புடையாருக்கும் அன்பிலாருக்கும் இடையிலான வழக்கன்று. குழந்தையின் உயிரையும் விலங்கின் உயிரையும் ஒருசேரக் காக்கும் வழியைத் தேடும் முயற்சியாகும்.

ஒரு வீட்டில் தொடங்கிய தொண்டு

அவ்வழியைத் தேடியவர்களுள் முன்னோடிகள் சென்னையிலேயே வாழ்ந்தனர். கேப்டன் வி. சுந்தரம் ஒரு விமானி. அவர் துணைவியார் உஷா சுந்தரம் இந்தியாவின் தொடக்ககாலப் பெண் விமானிகளுள் ஒருவர். மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளுக்குத் தியாகராய நகரிலிருந்த தம் இல்லத்தில் அடைக்கலம் தந்ததே இவர்களது தொண்டின் தொடக்கமாயிற்று. 1959இல் ‘புளூ கிராஸ் ஆஃப் இந்தியா’ என்னும் அமைப்பு உருப்பெற்றது. இன்று கிண்டியில், வேளச்சேரி செல்லும் சாலையில், மருத்துவமனையும் காப்பகமும் கொண்ட நிறுவனமாக அது இயங்குகிறது. அதன் தொடக்கம் ஒரு குடும்பத்தின் வீட்டுக்கூடத்தில் நிகழ்ந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அக்காலத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே நகராட்சிகளின் வழக்கமாக இருந்தது. ஆண்டுதோறும் நாய்கள் கொல்லப்பட்டும் அவற்றின் தொகை குறையவில்லை. ஓரிடத்தில் நாய்கள் அகற்றப்பட்டால், அங்குள்ள உணவையும் இடத்தையும் நாடிப் பிற நாய்கள் வந்து சேரும். எஞ்சியவை மேலும் குட்டிகளை ஈனும். இதனை உணர்ந்த புளூ கிராஸ் அமைப்பினர், 1964ஆம் ஆண்டு முதல் கருத்தடை அறுவை சிகிச்சையையும் தடுப்பூசியையும் மாற்றுவழியாக முன்வைத்தனர். சுந்தரம் இணையரின் மகனும் பொறியாளருமான சின்னி கிருஷ்ணா இம்முறையைப் பல்லாண்டுகள் தொடர்ந்து வலியுறுத்தினார். 1990களில் சென்னை மாநகராட்சி இதனை ஏற்றது. 2001ஆம் ஆண்டில் நாடு முழுமைக்குமான விதிகள் வெளியிடப்பட்டன. 2023ஆம் ஆண்டில் அவற்றிற்கு மாற்றாகப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

சட்டத் துறையிலும் சென்னைக்குத் தனியிடம் உண்டு. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1962இல் அமைக்கப்பட்ட இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவராகவும் அவர் விளங்கினார். உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதை அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக 1976ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்தது. தெருநாய்கள் குறித்த வழக்கு 2025ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் நாடறிய நிகழ்ந்தது. கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களை அவை பிடிக்கப்பட்ட இடத்திலேயே விடவேண்டும் என்றும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது என்றும் ஆகஸ்டு மாதத்தில் அந்நீதிமன்றம் ஆணையிட்டது. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் முதலியவற்றின் வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றவேண்டும் என நவம்பர் மாதத்தில் மேலும் ஓர் ஆணை பிறப்பித்தது. இரக்கத்திற்கும் பாதுகாப்பிற்கும் இடையே எல்லை வகுப்பது எவ்வளவு கடினம் என்பதை இவ்வாணைகள் காட்டுகின்றன.

கொடைமடமும் தொண்டறிவும்

குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை அளித்தவன் பேகன். பயன் கருதாமல் அள்ளித்தரும் இப்பண்பைச் சங்கப் புலவர்கள் ‘கொடைமடம்’ எனப் போற்றினர். மயில் போர்வையை உடுத்துமா என்று அவன் ஆராயவில்லை. அவனது உள்ளத்தின் ஈரமே அங்குப் போற்றப்பட்டது. உயிர்மீட்புத் தொண்டிற்கும் அந்த ஈரமே வித்து. ஆனால் வித்து மட்டுமே விளைச்சல் ஆகாது. உயிருக்கு எது தேவை என்று அறிந்து செய்யும் தொண்டே அதனைக் காக்கும்.

சான்றாக, கூட்டிலிருந்து இறங்கித் தரையில் தத்தித் திரியும் இறகு முளைத்த குஞ்சைக் காண்பவர், அது தாயை இழந்ததாக எண்ணி வீட்டிற்கு எடுத்துச்செல்வதுண்டு. பெரும்பாலும் அக்குஞ்சு பறக்கப் பழகிக்கொண்டிருக்கும். தாய்ப்பறவை அருகிலேயே இரையோடு காத்திருக்கும். பூனையும் வாகனமும் அணுகாத புதரோரம் அதனை விட்டு விலகிநிற்பதே உண்மையான உதவி. பசித்த நாய்க்குட்டிக்குப் பசும்பாலை மிகுதியாகப் புகட்டினால் வயிற்றுப்போக்கு உண்டாகலாம். அடிபட்ட நாயை அன்போடு தூக்க முயல்பவர் கடிபடக்கூடும். வலியால் துடிக்கும் விலங்கு, உதவும் கையையும் பகையாகவே கருதும். அணுகுவதற்கு முன் கவனித்தலும், பயிற்சி பெற்றவரை அழைத்தலும் இத்தொண்டின் முதற்பாடங்கள்.

தன்னார்வலரின் பணிகள்

மீட்புப்பணி என்றவுடன் கிணற்றில் விழுந்த உயிரைக் கயிறு கட்டித் தூக்கும் காட்சியே பலர் நினைவிற்கு வரும். காப்பகத்தின் அன்றாடப் பணிகளோ பெரும்பாலும் ஆரவாரமற்றவை. கூண்டுகளைக் கழுவுதல், உணவுத் தட்டுகளைத் துலக்குதல், நீர் மாற்றுதல், மருந்து கொடுத்த நேரத்தைக் குறித்துவைத்தல், அஞ்சி ஒடுங்கிய நாயின் அருகே அமைதியாக அமர்ந்து மனிதரோடு பழக்குதல், வளர்ப்போரைத் தேடித்தருதல் ஆகியவையே அங்கு நாள்தோறும் நிகழ்பவை. மருத்துவம் செய்வது கால்நடை மருத்துவரின் கடமை; அம்மருத்துவம் பயன்தரும் சூழலை உண்டாக்குவது தன்னார்வலரின் கடமை.

இப்பணிக்கு இன்றியமையாதது ஒழுங்கு. ஒரு வாரம் நாள்முழுதும் உழைத்து அடுத்த இரு மாதங்கள் வாராதவரைவிட, வாரந்தோறும் குறித்த கிழமையில் இரண்டு மணி நேரம் தருபவரையே காப்பகங்கள் நாடும். விலங்குகளும் அவ்வாறே. முகத்தையும் குரலையும் மணத்தையும் நினைவிற்கொண்டு, மீண்டும் மீண்டும் வருபவரிடமே அவை நம்பிக்கை கொள்கின்றன. கூடுவாஞ்சேரியில் வாழும் குடும்பத்தினர் மின்தொடர்வண்டியில் கிண்டிவரை செல்லலாம். செல்ல இயலாதோர் தம் தெருவிலேயே தொண்டாற்றலாம். தெருவிலுள்ள நாய்களைக் கணக்கெடுத்தல், காதில் சிறு வெட்டு அடையாளம் உள்ளதா எனக் கண்டு கருத்தடை செய்யப்பட்டவற்றைப் பிரித்தறிதல், எஞ்சியவை குறித்து நகராட்சிக்குத் தெரிவித்தல் ஆகியன பெரும்பயன் தருபவை. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டிற்குக் குறையாமல் தடுப்பூசி பெற்றால், அங்கு வெறிநோய் பரவும் சங்கிலி அறுபடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாய்களை இனங்கண்டு கணக்கிடாமல் இந்த அளவை எட்டமுடியாது.

வீட்டின் நலனும் தொண்டின் எல்லையும்

புதிதாகக் குடியேறிய குடும்பத்திற்கு முதல் ஆண்டில் சுமைகள் மிகுதி. வாடகை முன்பணம், பள்ளிச் சேர்க்கை, தண்ணீர் ஏற்பாடு, நெடும்பயணம், அருகில் உறவினர் இல்லாத தனிமை ஆகியவற்றுக்கிடையே தொண்டுக்கென ஒதுக்கும் நேரத்தையும் பொருளையும் குடும்பத்தார் அனைவரும் கலந்து முடிவுசெய்தல் வேண்டும். ஒருவரின் ஆர்வம் மற்றவரின் சுமையாகிவிடின் தொண்டு நிலைக்காது.

உடல்நலம் குறித்த எச்சரிக்கையும் தேவை. விலங்குகளோடு தொடர்ந்து பழகுவோர் கடிபடுவதற்கு முன்னரே ரேபிஸ் தடுப்பூசி செலுத்திக்கொள்வது நலம். காப்பகத்தில் அணிந்த உடையையும் காலணியையும் தனியே வைத்துத் தூய்மை செய்தல் வேண்டும். பார்வோ போன்ற நச்சுயிரிகள் காலணி வழியாகவும் வீட்டு நாயை வந்தடையும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வெறுங்காலுடன் இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். மீட்கப்பட்ட விலங்கை வீட்டிற்குக் கொண்டுவருமுன் வீட்டு உரிமையாளரின் இசைவையும், வீட்டிலுள்ள முதியோர் குழந்தைகளின் நலத்தையும் கருதவேண்டும். தற்காலிகமாக வளர்க்க இசைபவர் அதன் காலவரையறையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுதல் நன்று. ‘இயலாது’ என்று உரிய நேரத்தில் சொல்வதும் பொறுப்புணர்வே.

காட்டுயிர்கள் வகையில் எல்லை மேலும் தெளிவானது. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, குரங்கு, உடும்பு போன்றவற்றை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அடிபட்ட காட்டுயிரைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். வீட்டிற்குள் பாம்பு புகுந்தால் தொலைவில் நின்று கண்காணித்து, வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழைத்தல் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் வாழும் இருளர் பழங்குடியினர் பாம்பைப் பற்றிய நுண்ணறிவை வழிவழியாகப் பெற்றவர்கள். அவர்களது பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் வடநெம்மேலியில் இயங்கி, பாம்புக்கடி மருந்து உருவாக்கத் தேவையான நஞ்சைச் சேகரித்து அளிக்கிறது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடும் அவர்களது முறை, மனித உயிரும் விலங்குயிரும் ஒருங்கே காக்கப்படுவதற்கு நல்ல சான்று.

வேர்பிடித்தல்

இத்தொண்டு குடியேறியோருக்குத் தருவது என்ன? புதிய ஊரில் ஒருவர் அறிந்த வழி பெரும்பாலும் வீட்டிலிருந்து தொடர்வண்டி நிலையத்திற்குச் செல்லும் வழி மட்டுமே. நாய்களைக் கணக்கெடுக்கத் தெருவில் இறங்கியவரோ அவ்வூரின் சந்துகளை அறிவார். எந்த நாய் யாருடைய கடைத்திண்ணையில் உறங்கும் என்பதைத் தேநீர்க் கடைக்காரர் சொல்வார். எந்தக் காலிமனையில் குட்டிகள் உள்ளன என்பதைத் தூய்மைப் பணியாளர் காட்டுவார். மழைவெள்ளம் எவ்வழியே வரும் என்பதை ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர் உரைப்பார். ஊரைப் பற்றிய இவ்வறிவு எந்த வரைபடத்திலும் இல்லை. பழைய குடிகளான மனிதரிடத்தில் உள்ளது. விலங்கின் பொருட்டுத் தொடங்கும் பேச்சு, அண்டை வீட்டாரின் பெயரை அறிவதில் முடிகிறது. மொழி வேறுபட்ட குடும்பங்கள்கூட, அடிபட்ட ஓர் உயிரைச் சுற்றி நிற்கும்போது ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றன.

மேலும், அச்சம் கொண்ட அண்டை வீட்டாருக்கு நம்பிக்கை தருவதும் தன்னார்வலரின் கடன். ‘இந்நாய்க்குத் தடுப்பூசி செலுத்தப்பட்டுள்ளது, உணவு குழந்தைகள் விளையாடும் இடத்திற்கு அப்பால் வைக்கப்படுகிறது’ என்று சொல்லத்தக்க நிலையை உருவாக்கியபின் தெருவில் பூசல் தணியும். அச்சத்தை இகழ்பவரால் விலங்கையும் காக்க இயலாது. ஏனெனில், அஞ்சியவர் கையிலெடுக்கும் கல் விழுவது விலங்கின் மீதுதான்.

ஓர் ஊரில் பெறும் வசதிகளால் ஒருவர் அவ்வூரில் வசிப்பவர் ஆகிறார். அங்கு ஏற்கும் பொறுப்புகளால் அவ்வூரார் ஆகிறார். தனக்கு முன்பே அங்கு வாழ்ந்த எளிய உயிருக்கு இடமளிப்பவருக்கு, அந்த ஊரும் இடமளிக்கிறது.

தெரிந்து தெளிவோம்

நாய், பூனை, குரங்கு ஆகியவை கடித்தாலோ கீறினாலோ, காயத்தை உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடங்கள் கழுவவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி முதலியவற்றைத் தடவலாகாது. காயம் சிறிதாயினும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அணுகவேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசமாகச் செலுத்தப்படுகிறது; தவணைகள் அனைத்தையும் தவறாமல் முடித்தல் இன்றியமையாதது. வெறிநோய்த் தடுப்பூசியைக் கண்டறிந்த லூயி பாஸ்டரின் நினைவு நாளான செப்டம்பர் 28, உலக வெறிநோய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் உள்ள நாய்களின் எண்ணிக்கையைத் தொலைவிலிருந்து கணக்கிட்டு, காதில் வெட்டு அடையாளம் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பட்டியலிடுக.

2. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய முகாம் நடத்துமாறு வேண்டி, உங்கள் பகுதி நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதுக.

3. ‘கொடைமடம் போற்றத்தக்கது; ஆயினும் போதுமானதன்று’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.